லண்டனில் 23 மணி நேரம்

சென்னையிலிருந்து டொரான்டோவுக்கு டிக்கெட் தேடியபோது இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, லண்டன் ஹீத்ரோவில் மூன்று மணி நேரம் காத்திருந்து அடுத்த விமானம் ஏறுவது. இன்னொன்று, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு இறங்கி, மறுநாள் காலை பதினொன்றரைக்குக் கிளம்புவது. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

"ஒரு ராத்திரி பூரா ஏர்போர்ட்லயா கெடக்கணும்?" என்றார் அம்மா.

"ஏர்போர்ட்ல இல்லம்மா, ஊருக்குள்ள."

அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். டொரான்டோவில் இருக்கும் தம்பிக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பேத்தியைப் பார்க்க முதல் முறையாகக் கடல் தாண்டிப் போகிறார். பதினொரு மணி நேரம் மடங்கி உட்கார்ந்து வந்தவர், அதே கையோடு இன்னொரு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் டொரான்டோவில் சக்கர நாற்காலியில்தான் இறங்குவார். நடுவில் ஒரு நாள் காலை நீட்டிப் படுத்து எழுந்தால் நல்லது என்று எலும்பு மருத்துவரும் சொன்னார். அப்படித்தான் அந்த இரண்டாவது டிக்கெட்டை எடுத்தோம்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போய் வரும் பெற்றோர் இன்று நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் ஐரோப்பாவின் ஏதாவது ஒரு பெருநகரத்தில் விமானம் மாறுகிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓடுபாதையைப் பார்த்ததோடு சரி. வெளியே நூற்றாண்டுகள் பழைய நகரம் ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம், கொஞ்சம் முன்யோசனை இருந்தால் போதும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் விசா

பிரிட்டனுக்குள் நுழைய இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா வேண்டும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் நடப்பு விசா பாஸ்போர்ட்டில் இருந்து, அந்த நாட்டுக்குப் போகும் வழியிலோ அங்கிருந்து திரும்பும் வழியிலோ விமானத்தில் வந்து இறங்கினால், தனி விசா இல்லாமலே ஊருக்குள் போய்வர அனுமதி கேட்கலாம். மறுநாள் இரவு 11.59-க்குள் விமானத்தில் கிளம்பிவிட வேண்டும். அந்தப் பயணத்துக்கு உறுதியான டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

இதை நமக்கு உள்ள உரிமை என்று நினைத்துவிடக் கூடாது. குடிவரவு அதிகாரி காகிதங்களைப் பார்த்துத் தரும் அனுமதி இது. விதிகளும் அடிக்கடி மாறும். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் பிரிட்டன் அரசின் இணையதளத்துக்குப் போய், நீங்கள் எந்த நாட்டவர், எங்கே போகிறீர்கள், என்ன விசா வைத்திருக்கிறீர்கள் என்று குறிப்பிட்டால், உங்களுக்கு விசா தேவையா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் செக்-இன் கவுன்ட்டரில் இருந்த இளைஞர் எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், மேலதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அச்சுத்தாள்தான் பதினைந்து நிமிடத்தில் எங்களை விடுவித்தது.

இருபத்து மூன்று மணி நேரம் என்று நான் கணக்கு வைத்ததற்கும் காரணம் உண்டு. பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானப் பயணிகளிடம் அந்த அரசு ஒரு வரி வசூலிக்கிறது. வட அமெரிக்கா மாதிரி தூர நாடுகளுக்குச் சாதாரண வகுப்பிலேயே தொண்ணூறு, நூறு பவுண்டு வரும். ஒரே டிக்கெட்டில், 24 மணி நேரத்துக்குள் அடுத்த நாட்டு விமானம் ஏறிவிட்டால் அந்த வரி இல்லை. இரண்டு பேருக்கு அதுவே இருபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம் மிச்சம்.

பெரிய பெட்டிகளை டொரான்டோவுக்கே நேராக அனுப்பச் சொல்லிவிட்டோம். ஒட்டிய டேக்கில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். ஒரு இரவுக்கான துணி, மாத்திரைகள், சால்வை, குடை, இவை மட்டும் தோள்பையில். ஜூன் மாதமானாலும் லண்டனில் சாயங்காலம் காற்று சில்லென்று அடிக்கும்.

ரயிலில் ஊருக்குள்

குடிவரவு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். அதிகாரி மூன்றே கேள்வி கேட்டார். எங்கே போகிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள், இன்றிரவு எங்கே தங்குகிறீர்கள். விடுதி முன்பதிவையும் மறுநாள் டிக்கெட்டையும் காட்டினேன். முத்திரை விழுந்தது.

ஹீத்ரோவிலிருந்து ஊருக்குள் போக மூன்று ரயில்கள் உண்டு. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் கால் மணி நேரத்தில் பாடிங்டன் போய்விடும், கட்டணம் அதிகம். பிக்காடில்லி பாதை மலிவு, ஆனால் ஒரு மணி நேரம் ஆகும். 2022-ல் திறந்த எலிசபெத் பாதைதான் நமக்கு ஏற்றது. ஏறக்குறைய 14, 15 பவுண்டு. பெட்டிகள் அகலமானவை, குளிர்சாதனம் உண்டு, அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு நிலையத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் இறக்கிவிடும்.

டிக்கெட் என்று எதுவும் வாங்க வேண்டாம். வங்கி அட்டையைக் கதவில் தொட்டு உள்ளே போய், வெளியே வரும்போது அதே அட்டையை மறுபடி தொட வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொட்டுக் கட்டும் வசதியையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் பஸ்களில் 2014 முதல் ரொக்கமே வாங்குவதில்லை. கடைகளிலும் பல இடங்களில் அட்டை மட்டும்தான். அதனால் விமான நிலையத்தில் நட்டத்துக்குப் பணம் மாற்றத் தேவையில்லை.

ரயில் சவுத்தால் நிலையத்தைக் கடந்தபோது ஊர்ப்பெயர் பஞ்சாபி எழுத்திலும் இருந்ததை அம்மா பார்த்துவிட்டார். நம் ஆட்கள் இருக்கும் ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது அங்கேதான்.

நடராஜர் முன்னால்

பிரிட்டிஷ் மியூசியம் 1759-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இங்கே மட்டுமல்ல, லண்டனின் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நேரத்தை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்தால் வரிசை குறையும். சக்கரம் வைத்த பெட்டிகளை உள்ளே விடமாட்டார்கள். எங்களிடம் தோள்பைதான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரவு எட்டரை வரை திறந்திருக்கும், மற்ற நாட்களில் ஐந்து மணியோடு சரி.

உள்ளே லட்சக்கணக்கான பொருட்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ரொசெட்டா கல்லை, அதைச் சுற்றி நின்ற கூட்டத்தின் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்த்துவிட்டு, நேராக 33-ஆம் கூடத்துக்குப் போனோம். சீனாவும் தெற்காசியாவும் ஒரே நீளக் கூடத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். ஏறத்தாழ கி.பி. 1100.

அம்மா கும்பிட்டார். பிறகு குனிந்து பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறார் என்று கேட்டேன். "தூக்கிட்டுப் போறதுக்குக் கம்பு செருகுவாங்கல்ல, அந்த ஓட்டை இருக்கான்னு பாக்குறேன்" என்றார். எங்கள் ஊர் கோயிலில் மார்கழித் திருவாதிரைக்கு நடராஜர் வீதி உலா வரும்போது என் தாத்தா தோள் கொடுத்தவர். அம்மாவுக்கு நடராஜர் என்றால் நடமாடும் சாமி. ஒரே இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருக்கும் நடராஜரைப் பார்த்து அவர் அதிகம் பேசவில்லை.

நான் அவருக்குப் பத்தூர் கதையைச் சொன்னேன். 1976-ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில் இடிந்துபோன விஸ்வநாத சுவாமி கோயிலருகே மண்ணைத் தோண்டியபோது ஒரு நடராஜர் கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டன் வந்து, 1982-ல் ஒரு கனடா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பராமரிப்புக்காக இதே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பப்பட்டிருந்தபோது போலீஸ் அதைப் பறிமுதல் செய்தது. லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. இடிந்த கோயிலுக்கும் தன் சொத்தைக் கேட்டு வழக்காடும் தகுதி உண்டு என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டிலும் நாம்தான் ஜெயித்தோம். 1991-ல் பத்தூர் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். அம்மா முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது.

பக்கத்துக் கண்ணாடி அறையில் அமராவதி சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். ஆந்திரத்து ஸ்தூபியிலிருந்து 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராஸுக்குக் கொண்டுவந்தவை. அங்கே வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்து, 1859-ல் கப்பலேறின. இதே ஸ்தூபியின் மற்ற துண்டுகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டன் போனவர்கள் அந்த அறையைப் பார்த்தால், திரும்பி வந்ததும் ஒருமுறை எழும்பூருக்கும் போய்ப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஸ்தூபியின் அளவு புரியும்.

அருங்காட்சியகத்தின் வடக்குப் பக்கம் ஐந்து நிமிட நடையில் ரஸ்ஸல் சதுக்கம். அங்கே லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரி இருக்கிறது. அதன் வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது, 1996-ல் வைத்தது. தமிழும் நம் இசையும் கற்பித்துப் பத்மஸ்ரீ பெற்ற ஜான் மார் பணியாற்றிய இடம் இது. பத்து நிமிடம் வள்ளுவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். லண்டனில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். வெறும் பாட்டிலை வைத்திருந்தால் அருங்காட்சியகத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

ஆற்றங்கரை

லண்டனில் ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால், தேம்ஸின் தென்கரையில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பாலம் வரை நடந்துவிடுங்கள். நாலு, நாலரைக் கிலோமீட்டர். வண்டிகள் குறுக்கே வராத நடைபாதை. நூறடிக்கு ஒரு பெஞ்சு. லண்டனில் பெயர் பெற்ற கட்டடங்களில் பாதி இந்த நடையில் தானாகவே எதிரே வரும். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுக்கும் டிக்கெட் வேண்டாம். முழங்கால் வலிக்கும் அம்மா மூன்றேகால் மணி நேரத்தில், பத்துப் பன்னிரண்டு முறை உட்கார்ந்து எழுந்து, இதை முடித்தார்.

ஜூனில் ஒன்பதேகாலுக்குத்தான் சூரியன் மறையும் என்பதால் அருங்காட்சியகத்தை முதலில் வைத்தோம். டிசம்பரில் போகிறவர்கள் இதைத் திருப்பிப் போட வேண்டும். நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் முதலில் ஆறு, பிறகு அருங்காட்சியகம்.

ரஸ்ஸல் சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பக்கம் மாடி பஸ் பிடித்தோம். 1.75 பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசுதான். மேல்மாடி முன்வரிசை கிடைத்தால் சுற்றுலா பஸ்ஸுக்கு முப்பது, நாற்பது பவுண்டு கொடுக்க வேண்டியதே இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் நாடாளுமன்றமும் மணிக்கூண்டும். பிக் பென் என்பது உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர், கூண்டுக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். ஆறு மணிக்குச் சரியாக அதன் கீழே இருந்தோம். அந்த மணியோசை நெஞ்சில் அதிர்ந்தது. எதிர்க்கரையில் லண்டன் ஐ ராட்டினம், 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். ஒரே நாள் வருகிறவர்கள் அதில் ஏற வேண்டாம் என்பேன். வரிசையில் போகும் நேரத்தில் பாதி ஆற்றங்கரையை நடந்துவிடலாம்.

பாலத்தைக் கடந்து தென்கரைக்கு வந்தோம். "தண்ணி இவ்வளவு கலங்கலா இருக்கே, ஆனா நாத்தமே இல்லையே" என்றார் அம்மா. கூவத்தைத் தேம்ஸ் போல ஆக்குவோம் என்று என் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். அதனால் இந்தக் கதையை நின்று சொல்லத்தான் வேண்டும்.

1858 கோடையில் இந்த ஆற்றின் நாற்றம் தாங்காமல், இதோ எதிரே தெரியும் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஊர்க் கழிவு முழுவதும் நேராக ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. அதே தண்ணீரைக் குடித்து ஆயிரக்கணக்கானோர் காலராவில் செத்தார்கள். நாற்றம் தங்கள் மூக்குக்கே வந்தபிறகுதான் உறுப்பினர்கள் பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர் ஆற்றின் இரு கரையிலும், குறுக்கே வரும் சாக்கடைகளை இடைமறித்துக் கிழக்கே கொண்டுபோகும் பெருங்கால்வாய்களைக் கட்டினார். எதிர்க்கரையில் நாம் பார்க்கும் அகலமான சாலைக்கு அடியில் அவர் கட்டிய கால்வாய் இன்றும் ஓடுகிறது.

அதோடு முடியவில்லை. ஊர் பெருத்தது, போர் வந்தது, குழாய்கள் உடைந்தன. 1957-ல் தேம்ஸில் உயிரினம் வாழ முடியாது என்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவித்தது. மறுபடி சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். மீன்கள் திரும்பின, இன்று கடல்நாய்கள் வருகின்றன. மழை பெய்யும்போது பழைய கால்வாய் நிரம்பி ஆற்றில் வழிகிறது என்று, ஆற்றுக்கு அடியில் 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய சுரங்கக் கால்வாய் ஒன்றைத் தோண்டி 2025-ல் முழுதாக இணைத்தார்கள். தண்ணீரின் பழுப்பு, அலையில் கலங்கும் வண்டல்தான். நூற்றைம்பது வருடத்துக்கு மேல், ஆட்சி மாறினாலும் திரும்பத் திரும்பச் செய்த வேலையின் பலன் இது. கூவத்துக்கு உறுதிமொழி தருகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து வாட்டர்லூ பாலம். அதன் அடியில் மழைக்கு ஒதுங்கியபடி பழைய புத்தகக் கடை, நீள மேசைகளில் பரப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கட்டிய பாலம். ஆண்கள் போருக்குப் போனதால் பெருமளவு பெண் தொழிலாளர்களே கட்டினார்கள். 1945 திறப்பு விழா உரையில் ஆண்களை மட்டுமே பாராட்டினார்கள். ஆற்றுப் படகுக்காரர்கள்தான் இதைப் பெண்களின் பாலம் என்று சொல்லிச் சொல்லி அந்த நினைவைக் காப்பாற்றினார்கள். அம்மா பாலத்தின் தூணைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

தேம்ஸ் லண்டனுக்குள் கடல் ஏற்ற இறக்கத்தோடு ஏறி இறங்கும் ஆறு. ஒரே நாளில் ஏழு மீட்டர் வரை நீர்மட்டம் மாறும். நாங்கள் போனபோது நீர் வற்றும் நேரம். டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், கீழே கூழாங்கல்லும் செங்கல் துண்டும் எலும்பும் கலந்த கரை. நான் மட்டும் படியிறங்கிப் போனேன். பாசி படிந்த படி, வழுக்கும். கரையில் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் குச்சிகள் கிடந்தன. சாக்பீஸ் என்று நினைத்துக் குனிந்தால், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசித் துளை. களிமண் புகைக்குழாயின் காம்புகள். சில நூற்றாண்டுகளுக்கு முன், நாம் பீடித் துண்டைப் போடுகிற மாதிரி, படகோட்டிகளும் கூலியாட்களும் புகைத்துவிட்டு ஆற்றில் போட்டவை. அரண்மனையையும் கோட்டையையும் விட அந்தக் குச்சிகள்தான் எனக்கு லண்டனைப் பக்கத்தில் காட்டின. எடுக்கவில்லை. துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே கிளறவோ எடுக்கவோ கூடாது.

டேட் மாடர்ன் முன்பு மின்நிலையமாக இருந்த கட்டடம், 99 மீட்டர் புகைபோக்கி அப்படியே நிற்கிறது. அதன் எதிரே மில்லேனியம் நடைபாலம். 2000 ஜூன் 10-ல் திறந்தபோது மக்கள் நடக்க நடக்கப் பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. ஆட்டத்துக்கு ஏற்ப எல்லோரும் கால் மாற்றி வைக்க, ஆட்டம் இன்னும் கூடியது. இரண்டே நாளில் மூடி, அதிர்வு தாங்கிகள் பொருத்தி, 2002-ல் மறுபடி திறந்தார்கள். இப்போது ஆடாது. பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் நேர்கோட்டில் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம். 1666 பெருந்தீயில் எரிந்த பழைய தேவாலயத்தின் இடத்தில் கிறிஸ்டோபர் ரென் கட்டியது, 1710-ல் முடிந்தது.

குளோப் நாடகக் கொட்டகை, பரோ மார்க்கெட் இரண்டையும் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு நடந்தோம். மார்க்கெட் ஐந்து மணிக்கே மூடிவிட்டது, திங்கட்கிழமை திறப்பதே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழியில் சூடான பலாஃபல் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினோம். சைவக்காரர்கள் கவனிக்க: சில கடைகளில் வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். எண்ணெயா என்று கேட்டு வாங்குங்கள், கோபிக்காமல் பதில் சொல்வார்கள்.

டவர் பாலத்துக்கு வந்தபோது மணி ஒன்பதரை. வானம் இன்னும் நீலமாக இருந்தது, பாலத்தில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். பார்க்க ஆயிரம் வருடக் கோட்டை மாதிரி இருந்தாலும் 1894-ல் திறந்த பாலம், கல்லுக்குள் இருப்பது எஃகு. உயரமான கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து தூக்கும். வருடத்தில் ஏறக்குறைய எண்ணூறு முறை தூக்குகிறார்கள். நேர அட்டவணை அவர்களுடைய இணையதளத்தில் இருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். எங்கள் அதிர்ஷ்டம், நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே மணி அடித்து வண்டிகளை நிறுத்தினார்கள். ஒரு பாய்மரக் கப்பல் வந்துகொண்டிருந்தது. சாலை அப்படியே எழுந்து நிற்பதை அம்மா வாய் திறந்தபடி பார்த்தார். "பாம்பன்ல பழைய ரயில் பாலம் இப்படித் தூக்கிட்டிருந்துச்சு, நான் பார்த்ததில்லை. இங்க பார்த்துட்டேன்" என்றார்.

விடியற்காலை

அறை ஆல்ட்கேட் பகுதியில், டவர் பாலத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். அந்த நாளில் பெரிய செலவு இந்த அறைதான். ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் உள்ள இந்திய ஒய்.எம்.சி.ஏ.விலும் தங்கலாம், நம் சாப்பாடு கிடைக்கும். 1920-ல் இந்திய மாணவர்களுக்காக அதைத் தொடங்கியவர் சேலத்தில் பிறந்த கே.டி.பால். எங்களுக்கு மறுநாள் காலை நடையும் ரயிலும் பக்கத்தில் வேண்டியிருந்ததால் இங்கே எடுத்தோம்.

நாலு மணிக்கே இரண்டு பேருக்கும் விழிப்பு வந்துவிட்டது. சென்னையில் அப்போது காலை எட்டரை. தூக்கம் கெட்டதே என்று புரண்டுகொண்டிருக்க வேண்டாம், அந்த விழிப்புதான் இடைநிறுத்தப் பயணிக்குக் கிடைக்கும் உபரி நேரம். ஐந்து மணிக்குள் வெளிச்சம் வந்துவிடும். இந்த ஊர் விடுதி அறைகளில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் இருக்கும். அம்மா கொண்டுவந்திருந்த காபித்தூளில் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பத்து நிமிட நடையில் லெடன்ஹால் தெரு. சனிக்கிழமை விடியற்காலையில் அந்த வங்கித் தெருக்களில் ஆள் நடமாட்டமே இல்லை. குழாய்களையும் லிஃப்டுகளையும் வெளிச்சுவரிலேயே வைத்துக் கட்டிய லாயிட்ஸ் கட்டடம் அங்கே இருக்கிறது, 1986-ல் முடித்தது. அந்த இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. 1861-ல் இடித்துவிட்டார்கள். 1639-ல் மதராஸ் கடற்கரையில் கோட்டைக்கு இடம் வாங்கிய கம்பெனி அது. இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தில் எவ்வளவு வரி, நெசவாளிக்கு என்ன முன்பணம், துணிக்கு என்ன விலை என்று இந்தத் தெருவிலிருந்து கடிதம் போகும். பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐந்தாறு மாதம் கழித்து அது மதராஸில் கரையிறங்கும். நம் ஊரின் முதல் இருநூறு வருடம் இங்கே எழுதப்பட்டது. கம்பெனியின் பெயரைச் சொல்லும் பலகை எதையும் நான் அங்கே காணவில்லை. சென்னைக்காரர் எவர் லண்டன் போனாலும் இந்தத் தெருவில் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

பக்கத்திலேயே லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம். அங்கிருந்து எலிசபெத் ரயில் நேராக ஹீத்ரோ, முக்கால் மணி நேரம். வாரக்கடைசியில் பாதைப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது வழக்கம். முந்தின இரவே லண்டன் போக்குவரத்துத் தளத்தில் பார்த்துவிடுங்கள். தெருவோரத்தில் செல்போனைக் கையில் நீட்டிக்கொண்டு வழி தேட வேண்டாம், மின்சைக்கிளில் வந்து பறித்துப் போகிறார்கள். சுவரோரம் ஒதுங்கி நின்று பாருங்கள்.

எங்களுக்கு நேரம் இல்லாமல் போனது ஈலிங் அம்மன் கோயிலுக்குத்தான். அதே ரயில் பாதையில் வெஸ்ட் ஈலிங் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயக் கட்டடத்தில் ஈழத் தமிழர்கள் அமைத்த கனக துர்க்கை அம்மன் கோயில். ஆகஸ்டில் தேர்த் திருவிழா நடக்கும், லண்டன் தெருவில் தேர் ஓடும். மாலை விமானம் பிடிக்கிறவர்கள் போகும் வழியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள்.

எட்டரைக்கு ஹீத்ரோவில் இருந்தோம். அம்மா உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டார். வலி இருந்தது, வீக்கம் இல்லை. தம்பியிடம் போனில், "ஆத்தங்கரையில நடந்தோம்டா" என்று தொடங்கி, பாலம் தூக்கியதைச் சொல்லி முடிப்பதற்குள் விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ லண்டன் வழியாகக் கிளம்பினால், டிக்கெட் போடும்போது இருபது மணி நேரத்துக்கு மேல், 24-க்குள் வரும் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் இறங்குவதாக இருந்தால் அதையே எடுங்கள். விசா விதியை அன்றைக்கே பாருங்கள், நல்ல செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.